எந்தத் தலைமுறை பென்ஸ் உங்களுடையது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பென்ஸ் ஈ-கிளாஸ் கார் வரிசையைப் பற்றியவை. பழைய வண்டிகள் ஈ.சி.ஆர். ஊர்களில் நிறைய கைமாறுகின்றன போலிருக்கிறது. அதனால் மற்ற கம்பெனி வண்டிகளைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, 2017 மாடல் ஈ-கிளாஸ் ஒன்றை ஒருவர் பத்தாவது தலைமுறை என்கிறார். இன்னொருவர் ஐந்தாவது என்கிறார். யார் சொல்வது சரி? (தேவிபட்டினம்)

இரண்டு பேரும் சரிதான் தம்பி. எண்ண ஆரம்பித்த இடம்தான் வேறு. பழைய 170 வரிசையில் ஆரம்பித்தால் அதுதான் முதலாவது. அப்புறம் 1953-ல் பொன்டன் என்று அழைக்கப்பட்ட வண்டி, 1961-ல் வால்துடுப்பு வைத்த 110, 1968-ல் 114/115, 1976-ல் 123, 1984-ல் 124, 1995-ல் 210, 2002-ல் 211, 2009-ல் 212, 2016-ல் 213. பத்து வந்துவிட்டதா? கம்பெனி கணக்கு இது. 'ஈ-கிளாஸ்' என்ற பெயர் முதலில் ஒட்டிய 124-லிருந்து எண்ணுகிறவர்களுக்கு அதே 213 ஐந்தாவது.

இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் பென்ஸ் பிரியர்கள் முதலாவது, இரண்டாவது என்று பேசுவதே இல்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் கம்பெனி வைத்த சேஸ் கோடு எண்ணைச் சொல்வோம். "உன் வண்டி 124-ஆ, 210-ஆ?" என்று கேட்டால் உலகத்தில் எங்கேயும் ஒரே அர்த்தம்தான்.

எங்கள் வாப்பா வைத்திருந்த 1982 மாடல் 240 டி கொட்டகையில் நிற்கிறது. அது ஈ-கிளாஸில் சேருமா? வாங்க வந்தவர் சேராது என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். (கீழக்கரை)

பெயரளவில் சேராது. ஈ-கிளாஸ் என்ற பெயர் 1993-ல்தான் வந்தது. உங்களுடையது 123. பின்னால் வந்த ஈ-கிளாஸுக்கு நேர் மூதாதை. அந்தப் பெயர் இல்லை என்பதற்காக விலை குறைய எந்தக் காரணமும் கிடையாது. சுமார் 27 லட்சம் வண்டிகள் ஓடிய வரிசை அது. டீசல் எஞ்சின் இன்றைக்கும் எழுந்து ஓடும். அந்த ஆளுக்கு விற்காதீர்கள். கொட்டகை கடலைப் பார்த்து இருந்தால் முதலில் வண்டியைத் தூக்கி ஜாக்கி வைக்கும் நாலு இடங்களிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைப் பற்றி அப்புறம் பேசலாம்.

280 ஈ என்று பின்னால் எழுதியிருக்கிறதே, அது ஈ-கிளாஸ் இல்லையா? (தொண்டி)

இல்லை. எண்ணுக்குப் பின்னால் வரும் 'ஈ' பெட்ரோல் இன்ஜெக்‌ஷனைக் குறிக்கும். எண்ணுக்கு முன்னால் வந்தால்தான் ஈ-கிளாஸ். 230 ஈ வேறு, ஈ 220 வேறு. இந்த வித்தியாசத்துக்கு நான் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பென்ஸ் இருக்கிறது, வெள்ளை கலர். எந்த ஜெனரேஷன் என்று சொல்லவும். அவசரம். (ஊர் பெயர் இல்லை)

வருடம் இல்லை, படம் இல்லை, சேஸ் நம்பர் இல்லை, ஊர்கூட இல்லை. வெள்ளை நிறத்தை வைத்து நான் என்ன சொல்ல? ஒவ்வொரு முறையும் இதையே எழுதுகிறேன்: ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருடத்தை நம்பாதீர்கள், சேஸ் நம்பரைப் படியுங்கள். 123, 124 வண்டிகளில் பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் குத்தியிருக்கும். ஜெர்மனியில் செய்த வண்டி என்றால் டபிள்யூ.டி.பி. என்று ஆரம்பிக்கும். அடுத்த மூன்று இலக்கம்தான் தலைமுறை. அதற்கடுத்த மூன்று இலக்கம் எந்த மாடல் என்று சொல்லும். அப்புறம் வரும் ஒரு இலக்கம் ஸ்டீயரிங்: 1 என்றால் இடது, 2 என்றால் வலது. ஒரு துணியால் தூசியைத் துடைத்தால் போதும், என்னைக் கேட்கவே வேண்டாம்.

1996-ல் பதிவான வண்டி. ஜெர்மனியில் 1995-லேயே 210 வந்துவிட்டது, ஆகவே இது 210 என்கிறார் விற்பவர். (மண்டபம்)

தவறு. புனேயில் பென்ஸ் கட்ட ஆரம்பித்ததே 1995-ல் 124-ஐ வைத்துத்தான். ஜெர்மனியில் பழையதான பிறகும் இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நாலு வட்டக் கண் இருந்தால் 210. கட்டம் கட்டமான முகம் என்றால் 124. நேரில் போய்ப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

எண் பெரிதாக இருந்தால் வண்டி புதிது என்று எடுத்துக்கொள்ளலாமா? (முதுகுளத்தூர்)

கூடாது. சிறிய பென்ஸான 201 வந்தது 1982-ல், 124 வந்தது 1984-ல்.

2014 மாடல் ஈ-கிளாஸ் பார்த்திருக்கிறேன். "இது 212 இல்லை, அதற்கடுத்த புது ஜெனரேஷன், விளக்கைப் பாருங்கள்" என்று சொல்லி 3 லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (ராமேஸ்வரம்)

கொடுக்காதீர்கள். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

212 வந்தது 2009-ல். 2013-ல் அதற்கு முகம் மாற்றினார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டாகப் பிரிந்திருந்த ஹெட்லைட்டை ஒரே கண்ணாடிக்குள் கொண்டுவந்தார்கள், பம்பரும் பானட்டும் மாறின. நிறையச் செலவு செய்து செய்த மாற்றம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெட்டி (பாடி) அதேதான். டேப்பை எடுத்து முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்து பாருங்கள்: 2009 வண்டியிலும் 2014 வண்டியிலும் சுமார் 287 சென்டிமீட்டர். அடுத்த தலைமுறையான 213-ல் அது 294. பெட்டி மாறினால்தான் தலைமுறை மாறும். முகம் கழுவிப் பொட்டு வைத்தால் ஆள் மாறிவிடுவாரா?

(அளவை மட்டுமே நம்பியும் முடிவுக்கு வராதீர்கள். 123-க்கும் 124-க்கும் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் இரண்டும் முழுக்க வேறு வண்டிகள்.)

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் வெளியூர்த் தரகர் ஒருவரிடம் இறக்குமதி செய்த 124 ஒன்றை வாங்கினேன். 1993-க்குப் பிறகு வந்ததுபோல கிரில் பானட்டோடு சேர்ந்திருந்தது, டிக்கியில் 'ஈ 220' என்று பளபளவென்று எழுத்து. கடைசி வரிசை வண்டி என்று நம்பி 60,000 ரூபாய்க்கு மேல் கூட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சேஸ் நம்பரைத் துடைத்துப் பார்த்தால் 124.023. ஈ 220 என்றால் 124.022 இருக்க வேண்டும். 023 என்பது 230 ஈ. எஞ்சின் நம்பரும் 111-ல் தொடங்காமல் 102-ல் தொடங்கியது. யாரோ பானட்டையும் விளக்கையும் எழுத்தையும் மாற்றி வண்டியின் வயதைக் குறைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு இலக்கத்தைப் படிக்காமல் விட்டேன். அந்த மாதம் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

நம் கரையில் இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. விளக்கு, பம்பர், கிரில் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. போனால் வேறு வாங்கி மாட்டலாம். வாடைக் காற்றும் கச்சான் காற்றும் உப்பை அள்ளிக்கொண்டு வந்து தின்பது பெட்டியை. பாம்பன் பாலத்தை வாரம் நாலு தடவை தாண்டும் வண்டிக்கு அடித்தகடுதான் ஆயுள். முகம் புதிது என்று 3 லட்சம் கொடுப்பவர், அதே பெட்டி எத்தனை மழைக்காலம் எங்கே நின்றது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2010-ல் வந்து மதுரையில் கூரைக்கடியில் நின்ற 212, 2014-ல் வந்து ராமேஸ்வரத்தில் வெட்டவெளியில் நின்ற 212-ஐ விட எனக்கு மேல்.

முகமாற்றத்தால் உண்மையான வித்தியாசம் வரும் இடமும் உண்டு. 211-ல் 2006-க்கு முந்தைய வண்டிகளில் எஸ்.பி.சி. என்ற மின்சார பிரேக் அமைப்பு இருந்தது. எத்தனை முறை மிதித்தோம் என்று அதுவே எண்ணி, கணக்கு முடிந்ததும் யூனிட்டை மாற்றச் சொல்லும். செலவு கையைக் கடிக்கும். 2006 முகமாற்றத்தில் அதை எடுத்துவிட்டுப் பழைய முறை ஹைட்ராலிக் பிரேக் வைத்தார்கள். அந்த வண்டிக்குக் கூடுதல் பணம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். அதுவும் 211-தான், புதுத் தலைமுறை என்று சொல்லி விற்றால் மட்டும் திருத்துங்கள்.

124-ல் சீரிஸ் 1, 2, 3 என்கிறார்களே? (பரமக்குடி)

தோராயமாக 1989 வரை ஒன்று. பக்கவாட்டில் அகலப் பிளாஸ்டிக் பட்டை வந்த பிறகு 1993 வரை இரண்டு. அதற்கு மேல் மூன்று. மூன்றும் ஒரே தலைமுறை.

குறைந்த விலையில் 210 ஒன்று வருகிறது. வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். வாங்கலாமா? (ஏர்வாடி)

210-க்குத் துரு ஜெர்மனியிலேயே பெயர் போன வியாதி. முன்சக்கர ஸ்பிரிங் மேலே முட்டி நிற்கும் கிண்ணம் உள்மட்கார்டில் பற்றவைத்தது. அதன் பின்னால் ஈரமும் உப்பும் தங்கி உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். ஒரு நாள் அது பிய்ந்தால் வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும், ஓடும்போது நடந்தால் உயிருக்கு ஆபத்து. வெளியே பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னும், ஏமாந்துவிடாதீர்கள். நல்ல டிங்கரைக் கூட்டிக்கொண்டு போய், சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கறுப்பு அண்டர்கோட் புதிதாக அடித்திருந்தால் அதையும் சுரண்டச் சொல்லுங்கள். விற்பவர் சுரண்ட விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் வீடு இருக்கும் இடத்துக்கு நான் 124 தேடச் சொல்வேன். அதிலும் ஜாக்கி வைக்கும் இடங்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வி 213 என்று எழுதியிருக்கிறது. டபிள்யூ 213-க்கு அடுத்த தலைமுறையா? (ராமநாதபுரம்)

இல்லை. 'வி' என்றால் நீளப் பெட்டி. பின்சீட்டுக்காரருக்குக் கால் நீட்ட 14 சென்டிமீட்டர் கூடுதலாகக் கொடுத்தது. இந்தியாவுக்கு 2017-ல் வந்தது இதுதான். அதேபோல 'எஸ்' எஸ்டேட், 'சி' கூபே, 'ஏ' கூரை திறக்கும் வண்டி. எழுத்து பெட்டியின் வடிவத்தைச் சொல்லும், தலைமுறையை எண்ணில் பாருங்கள்.