கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது, ராமை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

யாங்கோனில் இருக்கும் உங்கள் ஐந்து வருட டெஸ்க்டாப் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தானாக அணைந்து திரும்ப ஓடுகிறது, விண்டோஸை இரண்டு முறை மாற்றிப் போட்டும் பலன் இல்லை, இப்போது கடையில் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நானும் யாங்கோன்தான், 14 வருடமாக டவுன்டவுனில் கணினி பழுது பார்க்கிறேன். சந்தேகத்தின் பேரில் ராம் வாங்கிப் போட்டுவிட்டு, அதே பழுதோடு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். ஊரில் இன்றைய பண நிலைமைக்கு அது சின்னச் செலவு இல்லை.

முதல் வேலையாக முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். அப்புறம் ஒன்றைக் கவனியுங்கள். அணையும்போது விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வருகிறதா, இல்லை சுவிட்சைத் தட்டியதுபோல் ஒரே அடியாக இருண்டுவிடுகிறதா? சரியாகக் கவனிக்க முடியவில்லை என்றால் விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கெர்னல்-பவர் 41 என்று சிவப்புக் குறியோடு பதிவுகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்த 41-க்கு வேறு அர்த்தம் கிடையாது. அதற்குள் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோட் என்று ஒரு பிழை எண் இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். அது 0 என்றால் பிழையைப் பதிவு செய்யக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மின்சாரமோ சூடோதான் காரணம்.

அனோரதா சாலைக் காளி கோயிலுக்குப் பக்கத்தில் உளுந்து ஏற்றுமதி செய்யும் கடை ஒன்று. அங்கே கணக்கு எழுதும் அக்காவின் கணினிக்கும் உங்கள் கதைதான். ராம் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. "தம்பி, சரக்கு ஏறுற நேரத்துல பாதி பில்லோட அணைஞ்சுபோகுது, முதலாளிக்குப் பதில் சொல்ல முடியல" என்றார். பக்செக்கோட் எல்லாமே 0. அவரிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்து, அணையும்போதெல்லாம் நேரத்தையும், அப்போது லைன் கரண்டா ஜெனரேட்டரா, என்ன வேலை நடந்தது என்பதையும் எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் போனால், கணக்கு எழுதிப் பழகிய கையெழுத்தில் 11 வரி. "9.05, கரண்ட் போச்சு." "1.02, கரண்ட் வந்து ஜெனரேட்டரை நிறுத்தினாங்க." இப்படி 11-இல் 9 தடவை, மின்சாரம் மாறுகிற அந்த நிமிடத்திலேயே அணைந்திருக்கிறது. மீதி இரண்டும் லேசர் பிரின்டரில் பில் அடித்தபோது. பிரின்டரும் அதே யூபிஎஸ்ஸில்தான் மாட்டியிருந்தது.

யூபிஎஸ் இருந்தும் ஏன் அணைகிறது? நம் வீடுகளில் இருக்கிற சாதாரண யூபிஎஸ், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் கணினியைத் தாங்குவது, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளைப் பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய கெபாசிட்டர். மேல்நிலைத் தொட்டி மாதிரி, நல்ல நிலையில் 16 மில்லி நொடி அளவுக்குத் தாங்கும். சூட்டிலேயே கிடந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிடும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. ஏப்ரலில், திஞ்சான் பண்டிகை நேரத்து வெயிலில், மூடிய அறையில் ஐந்து வருடம் ஓடிய பவர் சப்ளை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அக்கா முன்பு காட்டிய கடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, 12 வோல்ட் சரியாக வருகிறது, பவர் சப்ளை நல்லது என்று சொல்லியிருந்தார்கள். நான் பார்த்தபோதும் 12.1 காட்டியது. 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பதால் அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து மில்லி நொடியில் விழுந்து எழுகிற பள்ளம் சாதாரண மல்டிமீட்டரின் கண்ணுக்குப் படாது. என் கடையில் இருந்த நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் கரண்ட் மாறும்போது ஒரு தடவைகூட அணையவில்லை, பில் அடிக்கும்போது மட்டும் ஒரு தடவை அணைந்தது. பிறகுதான் பிரின்டரை யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிச் சுவர் பிளக்கில் மாட்டினேன், அதுவும் நின்றது. இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால் எதனால் சரியானது என்று எனக்கே தெரிந்திருக்காது.

நீங்கள் செய்து பார்க்க: திறந்த கோப்புகளை எல்லாம் மூடிவிட்டு, கணினி ஓடும்போது யூபிஎஸ் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கணினி அணைந்தால், அதே யூபிஎஸ்ஸில் ஒரு பல்பை மாட்டி மறுபடி பிடுங்குங்கள். பல்பும் அணைந்துபோனால் யூபிஎஸ்ஸோ அதன் பேட்டரியோ போய்விட்டது. பல்பு எரிந்துகொண்டே இருந்தால் பவர் சப்ளை மேல்தான் சந்தேகம். தெரிந்தவரிடம் ஒன்று இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதிலும் அணைந்தால், விலை குறைந்த யூபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தரும் படிக்கட்டு அலை (சீராக வளையாமல் படிப்படியாக மாறும் மின்சாரம்) அதற்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம், யூபிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள். பழைய பவர் சப்ளையைத் தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கரண்ட் சீராக இருக்கும்போது, கனமான வேலை கொடுத்த பத்து நிமிடத்தில் அணைகிறது என்றால் தூசியையும் ஃபேனையும் பாருங்கள்.

பக்செக்கோட் 0 இல்லாமல் 26, 10, 80 என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தால் உங்கள் கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். 292 என்றால் பிராசசர், மதர்போர்டு பக்கமும் பார்க்க வேண்டிவரும். ராம்தான் என்று தோன்றினாலும் வாங்குவதற்கு முன்னால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். ஜெனரேட்டர் இருக்கிற நாளாகப் பாருங்கள், பல மணி நேரம் ஆகும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். வந்தால் ராம்களைத் தனித்தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாட்டிச் சோதியுங்கள். மழைக்காலத்தில் ராமின் தங்கப் பற்களில் படலம் படிந்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்ததும் சரியானவை என் கடைக்கு நிறைய வந்திருக்கின்றன.

அணைகிற நேரங்களை ஒரு வாரம் குறித்து வைத்து, பக்செக்கோட் எண்ணோடு இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.