குருதியில் தேடுவதற்கு முன் நகத்தைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு மீன்வாடியில் இறால் தரம் பிரிக்கிறேன். இரண்டு வருடமாக ஐஸில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து, நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து கடுக்கின்றன. வீக்கத்தால் மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. ஸ்கிளெரோடெர்மா என்று கிளினிக்கில் சொன்னார்கள். சின்னக் குருதிக் குழாய்கள் எவ்வளவு பழுதாகிவிட்டன என்பதைக் குருதிப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாமாம் என்கிறான் கனடாவில் இருக்கும் தம்பி. காசும் அனுப்புகிறானாம். கொழும்புக்குப் போய்ச் செய்யலாமா?

பதில்: தம்பி சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அந்தக் காசை இப்போதைக்கு வைத்திருங்கள்.

ஸ்கிளெரோடெர்மா என்பது தோலும் சில உள்ளுறுப்புகளும் இறுகும் நோய். இதில் தோல் இறுகுவதற்கு முன்பே சிறு குழாய்கள் பழுதாகத் தொடங்கிவிடுகின்றன. குளம் நிறைந்திருந்தும் கடைசி வயல் காய்வதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. துருசை, அதாவது குளத்து மதகை, இறுக்கினாலும் காயும், வாய்க்கால் தூர்ந்தாலும் காயும். குளிரில் விரல் வெளுப்பது துருசு இறுகுவது போன்றது. சூடு பட்டால் திறந்துகொள்ளும். குழாயே பழுதாகி அடைபடுவது வாய்க்கால் தூர்வது போன்றது. அதுதான் எங்கள் கவலை.

குழாயின் உட்சுவர் காயப்படும்போது சில பொருள்கள் குருதியில் கூடுகின்றன. வான் வில்லபிராண்ட் காரணி, எண்டோதீலின், ஆஞ்சியோபொய்ட்டின்-2 என்பவை அவற்றில் சில. எண்டோதீலின் வெறும் அடையாளம் மட்டுமல்ல, குழாயை இறுக்குவதும் அதுதான். அதன் வேலையைத் தடுக்கும் போசென்டன் என்ற மருந்து விரல் நுனியில் புதிய புண்கள் வருவதைக் குறைக்கிறது. ஆராய்ச்சி வீண்போகவில்லை.

ஆனால் தனி ஒருவரின் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வான் வில்லபிராண்ட் காரணி காய்ச்சலிலும் கூடும், கர்ப்பத்திலும் கூடும், வயதோடும் கூடும். ஓ வகைக் குருதி உள்ளவர்களுக்கு இயல்பாகவே ஏறத்தாழ கால்பங்கு குறைவு. உங்கள் தாளில் ஓர் எண் வந்தால் அதில் நோயின் பங்கு எவ்வளவு, போன கிழமைத் தடிமனின் பங்கு எவ்வளவு என்று நான் எப்படிப் பிரிப்பேன்? அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் அமைப்புகள் 2013இல் வகுத்த அளவுகோலில் 9 புள்ளிகள் சேர்ந்தால் இந்த நோய் என்று கொள்வார்கள். விரல் வெளுப்புக்கு 3, குறித்த சில பிறபொருளெதிரிகளுக்கு (உடல் தன்னையே எதிர்த்து உண்டாக்கும் புரதங்கள்) 3, நக ஓரக் குழாய்களின் மாற்றத்துக்கு 2. தம்பி சொல்லும் பொருள்களுக்கு அதில் ஒரு புள்ளியும் இல்லை.

நக ஓரம் என்றது, நகத்தின் அடியில் தோல் மடியும் விளிம்பை. அங்கே ஒரு துளி எண்ணெய் விட்டு உருப்பெருக்கியால் பார்த்தால், கொண்டையூசிகளை வரிசையாக அடுக்கியதுபோல் குழாய்கள் தெரியும். இந்த நோயில் அவை ஊதிப் பெருக்கும், அருகில் புள்ளியாக இரத்தம் கசிந்திருக்கும், பிறகு சில இடங்கள் வெறுமையாகிவிடும். நேரே கண்ணால் பார்க்க முடிகிறதை ஏன் குருதியில் மறைமுகமாகத் தேட வேண்டும்? நகப்பூச்சை முன்கூட்டியே அழித்துவிட்டுப் போங்கள். இறால் ஓடு குத்திய விரலைவிட, மோதிர விரலையும் சுண்டு விரலையும் காட்டுவது நல்லது.

உங்களுக்குப் பயன் தரும் குருதிப் பரிசோதனைகள் வேறு. பிறபொருளெதிரிகளில் சென்ட்ரோமியர் வகையானால் நுரையீரல் குழாய்களின் அழுத்தத்தைக் கவனிப்போம். எஸ்சிஎல்-70 ஆனால் நுரையீரல் தழும்பை. ஆர்என்ஏ பொலிமரேஸ்-3 ஆனால் சிறுநீரகத்தை. என்டி-புரோபிஎன்பி என்ற பரிசோதனை இதயத்தின் சுமையைக் காட்டும். அதை எக்கோ என்ற இதய ஸ்கேனோடும் மூச்சுப் பரிசோதனையோடும் சேர்த்தே படிக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையை அறியக் குருதியில் கிரியேட்டினினும், சிறுநீரும் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு ஏதாவது அனுப்பியே ஆகவேண்டுமென்றால், நல்ல பிறசர் கருவி ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். இந்த நோயில் பிறசர் திடீரென்று ஏறினால் சிறுநீரகம் சில நாட்களிலேயே செயலிழக்கக்கூடும். வாரம் இரு தடவையாவது அளந்து கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். வழமையைவிட ஏறிய எண்ணைக் கண்டாலோ, கடும் தலையிடி, மூச்சுத்திணறல், விரல் நுனி கறுத்தல் வந்தாலோ அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். மூட்டு நோவுக்கென்று பார்மசியில் பிரெட்னிசொலோன் வாங்கி விழுங்க வேண்டாம். நாளொன்றுக்கு 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் அந்தச் சிறுநீரக ஆபத்து கூடுகிறது.

மோதிரத்தை இந்தக் கிழமையே வெட்டி எடுத்துவிடுங்கள். வாடியில் ஐஸ் இல்லாத வேலை கேட்டுப் பாருங்கள். அதுவரை ரப்பர் கையுறைக்குள் ஒரு பருத்திக் கையுறை. நனைந்தால் உடனே மாற்ற இன்னொரு சோடி மடியில் இருக்கட்டும்.