சாறு ஊற்றும் முன் வேரைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், மண்ணில் இருந்து வேருக்குள் புகுந்து முடிச்சு விழவைக்கிற நூற்புழுவைப் பற்றியவை. தக்காளி நடவு நடக்கிற நேரம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா, ஒரு ஏக்கரில் தக்காளி நட்டு 45 நாள் ஆகிறது. சொட்டு நீர் நன்றாக ஓடியும் மத்தியானத்தில் செடி வாடி நிற்கிறது. வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. வேப்பிலை, எருக்கிலை, நொச்சி மூன்றையும் ஊறவைத்து இரண்டு முறை வேரில் ஊற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. இலைச் சாறு என்பதெல்லாம் வெறும் பேச்சுதானா?
வாசகர், மாரண்டஅள்ளி

வெறும் பேச்சு இல்லை தம்பி. நீங்கள் ஊற்றிய சமயத்தில் புழு சாறு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். வாடுகிற செடி ஒன்றை மண்வெட்டியால் சுற்றிலும் ஆழமாக வெட்டி எடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் முடிச்சுள்ள சல்லி வேரெல்லாம் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் வேரை அலசி, பெரிய முடிச்சு ஒன்றைப் பிளேடால் மெதுவாகக் கீறிப் பாருங்கள். உள்ளே குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, பேரிக்காய் வடிவில், முத்துப்போல் வெள்ளையாக ஒன்று இருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் தெளிவாகத் தெரியும். அதுதான் பெண் புழு. வேருக்குள் ஒருமுறை இடம் பிடித்துவிட்டால் சாகும்வரை அது நகராது. முடிச்சின் மேல் பழுப்பு நிறத்தில் கோந்து மாதிரி ஒட்டியிருப்பது அதன் முட்டைக் கூடு. ஒரு கூட்டில் 200 முதல் 500 முட்டை வரை இருக்கும். நம் பக்கத்துச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். உங்கள் தக்காளிக்கு 45 நாள் என்றால் அங்கே இரண்டாம் தலைமுறை ஓடிக்கொண்டிருக்கிறது.

சாற்றுக்கு மாட்டுவது முட்டையிலிருந்து வெளியே வந்து, மண் ஈரத்தில் வேரைத் தேடி நெளிகிற குஞ்சுகள்தான். அவை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள் போய்விட்டதை மேலே ஊற்றுகிற கஷாயம் ஒன்றும் செய்யாது. அதனால்தான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சாறு நடவுக்கு முந்தி, நட்ட புதிதில்.

இன்னொன்று, நீங்கள் எடுத்தது வேப்பிலை. புழுவைத் தாக்குகிற அசாடிராக்டின் என்கிற சத்து இலையைவிடக் கொட்டைப் பருப்பில்தான் நிறைய. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது பொறுக்கி, சதை கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். பூசணம் பிடித்துக் கறுத்த கொட்டையைத் தள்ளிவிடுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் பழசானால் வீரியம் குறைந்துவிடும். 5 கிலோ பருப்பை இடித்துத் துணியில் மூட்டையாகக் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் நன்றாகப் பிழிந்து 100 லிட்டராக்கினால் 5 சதக் கரைசல். நாற்றை நடும் முன் வேரை இதில் நனைத்து நடுங்கள். நட்ட ஒரு வாரத்தில் ஒரு தடவை, அடுத்த பத்து நாளில் ஒரு தடவை வேரடியில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றுவது நல்லது, வெயில் பட்டால் அந்தச் சத்து சீக்கிரம் சிதைந்துவிடும். சொட்டுக் குழாயில் விடுவதானால் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே துளை அடைத்துக்கொள்ளும்.

எருக்கை இடிக்கும்போது பால் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணையே கெடுத்துவிடும். ஊமத்தையை மட்டும் யார் சொன்னாலும் வீட்டில் அரைக்க வேண்டாம். குழந்தைகள் நடமாடுகிற இடம்.

ஆனாலும் என் நிலத்தில் நான் அதிகம் நம்புவது சாற்றை அல்ல, பிண்ணாக்கைத்தான். ஊற்றிய சாறு சில நாளில் தீர்ந்துபோகும். வேப்பம் பிண்ணாக்கு மண்ணில் மட்க மட்கச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும், கூடவே மண்ணுக்கு உரமும் ஆகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 200 கிலோ தூவி, ஈரம் காட்டி, இரண்டு வாரம் விட்டுத்தான் நடுகிறேன். போட்ட மறுநாளே நட்டால் இளவேர் கருகும். ஆமணக்குப் பிண்ணாக்கும் நல்லதுதான், ஆனால் நாயும் ஆடும் வாய் வைத்தால் பிழைப்பது கஷ்டம். மூட்டையைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது நிற்கிற செடிக்கு: பிண்ணாக்கை மட்கிய எருவோடு கலந்து தூரில் போட்டு மண் அணையுங்கள். தக்காளித் தண்டு மண் பட்ட இடத்தில் புது வேர் விடும், அந்த வேரை நம்பி சில பறிப்புகள் எடுக்கலாம். தண்ணீரைக் கொஞ்சமாக, அடிக்கடி விடுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை வேரோடு தோண்டி, காய வைத்து எரித்துவிடுங்கள். வரப்பிலும் வாய்க்காலிலும் போட்டால் அடுத்தவர் கொல்லைக்கும் போய்ச் சேரும்.

நான் வேளாண்மைத் துறையில் சேர்ந்த காலத்தில் புழுவுக்குப் போரேட் என்கிற நச்சு மருந்துக் குருணையை வெறுங்கையால் தூவுவார்கள். சாயங்காலம் தலைசுற்றலோடு திண்ணையில் சாய்ந்து கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2020 டிசம்பர் 31-உடன் அந்த மருந்துக்குத் தடை வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. யாராவது பழைய சரக்கு இருக்கிறது என்று கொடுத்தால் வாங்காதீர்கள் தம்பி.

கேள்வி: தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைத்தால் நூற்புழு வராது என்று சொன்னார்கள். 16 வரிசைக்கு ஒரு வரிசை வைத்தேன். இருந்தும் வேரில் முடிச்சு விழுந்திருக்கிறதே, ஏன் அக்கா?
வாசகி, ராயக்கோட்டை

தங்கச்சி, இரண்டு வேறு யோசனைகள் உங்களிடம் வரும்போது ஒன்றாகிவிட்டன. 16 வரிசைக்கு ஒன்று என்பது காய்ப்புழுவுக்கான கணக்கு. தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லிப் பூவைத் தேடிப்போய் முட்டை வைக்கும், தக்காளி தப்பிக்கும். அது காற்றில் பறக்கிற பூச்சி. நூற்புழு மண்ணுக்குள் இருக்கிறது. செண்டுமல்லியின் வேரில் ஆல்பா டெர்தியனைல் என்கிற பொருள் இருக்கிறது. புழு அந்த வேருக்குள் நுழைந்தால் வளர்ந்து முட்டையிட முடியாது. ஆனால் அந்த வேர் இருக்கிற இடத்தில்தான் இதெல்லாம் நடக்கும், பதினாறு வரிசை தாண்டி எட்டாது. இலையைக் கசக்கிச் சாறாக ஊற்றினாலும் உயிருள்ள வேர் செய்கிற வேலை நடக்காது.

அதனால் தக்காளிக்கு முந்தின பயிராக, நிலம் முழுக்க, நெருக்கமாக, இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லி நிற்க வேண்டும். நடுவில் வருகிற களையைப் பிடுங்கிவிடுங்கள், புழு களை வேரில் பிழைத்துக்கொள்ளும். இதற்காக நம் பக்கத்தில் யாரும் புதிதாகப் பூ வைக்க வேண்டியதில்லை, எப்படியும் வைக்கிறோம். மனசு கஷ்டப்படுவது பூ பறித்து முடிந்ததும் செடியைப் பிடுங்கி வரப்பில் கொளுத்துவதைப் பார்க்கும்போதுதான். ரோட்டவேட்டர் விட்டு அப்படியே மடக்குங்கள். நான் ஒரு வருஷம் அரை ஏக்கரில் செண்டுமல்லியை மடக்கிவிட்டு, பக்கத்து அரை ஏக்கரில் தக்காளிக்குப் பின் தக்காளியே வைத்தேன். அறுபதாம் நாள் இரண்டு பக்கமும் நாலு நாலு செடி தோண்டினேன். பூ நின்ற பக்கத்து வேர் வெள்ளையாக, நூல் நூலாக இருந்தது. தக்காளிக்குப் பின் தக்காளி வைத்த பக்கத்து வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து தக்காளிக்குப் பின் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ நான் வைப்பதில்லை.

பூ விலை பிடிக்காது என்று தோன்றினால் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதைத்து 45 நாளில், பூ வரும் சமயம் மடக்கி உழுங்கள்.

கேள்வி: பசுமைக்குடிலில் குடைமிளகாய். மூன்றாவது பயிரிலேயே வேர்முடிச்சு வந்துவிட்டது. மண்ணை மாற்ற வழியில்லை. என்ன செய்யலாம்?
வாசகர், தளி

குடிலுக்குள் ஒரே பயிர், ஈரம், வெதுவெதுப்பு. புழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? பயிர் எடுத்ததும் கோடையில் பாத்தியை நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளை ஓரம் விடாமல் மூடி 4 முதல் 6 வாரம் வையுங்கள். கறுப்புத் தாளில் அவ்வளவு சூடு இறங்காது. உங்கள் ஊரில் முட்டைக்கோஸ் கழிவு கிடைக்குமே, அந்த இலையைப் பொடியாக நறுக்கி மண்ணில் கலந்துவிட்டு மூடினால் இன்னும் நல்லது. கடுகு நெடி மாதிரி ஒரு வாயு கிளம்பிப் புழுவைத் தாக்கும். கோஸ் வேரை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள், அதிலேயே புழு இருக்கக்கூடும். தாளை எடுத்த பிறகு, வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து பெருக்கிய பர்ப்பூரியோசிலியம் பூஞ்சணத்தைப் பாத்தியில் போடுங்கள். முட்டையைத் தின்கிற பூஞ்சணம் அது. கடையில் வேப்ப மருந்து வாங்குவதானால் அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று புட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத புட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: மா மரங்களை எடுத்துவிட்டுக் கொய்யா வைக்கப் போகிறேன். கன்று வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
வாசகர், காவேரிப்பட்டணம்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன் அண்ணே. சில வருஷத்துக்கு முன் ஒரு நாற்றுப் பண்ணையில் 80 கொய்யாக் கன்று வாங்கினேன். இலையெல்லாம் பளபளவென்று இருந்தது. பையைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிறவள், என் கன்றுக்குச் செய்யவில்லை. இரண்டாம் வருஷம் இலை செம்பு நிறமாக மாறி, கிளை நுனி காய்ந்து, ஒவ்வொன்றாகப் போனது. தோண்டினால் வேர் முழுக்க முடிச்சு. பிண்ணாக்கு போட்டேன், வேப்பங்கொட்டைக் கரைசல் ஊற்றினேன். பத்துப் பதினைந்து மரம் தேறியது, மற்றவை தேறவில்லை. கொய்யாவைப் பிடிக்கிற வேர்முடிச்சுப் புழுவில் ஒரு வகை பொல்லாதது, கன்றோடு நிலத்துக்குள் வந்துவிட்டால் அதை வெளியே அனுப்ப முடியாது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நீங்களே கை வைத்து நாலைந்து பையை எடுத்து, அடியைக் கிழித்து, வேரை அலசிப் பாருங்கள். பண்ணைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கிழித்த கன்றுகளுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். ஒரு முடிச்சு தெரிந்தாலும் அந்த மொத்தக் கன்றும் வேண்டாம். நிலத்து மண்ணையும் எட்டுப் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ ஈரம் காயாமல் பாலித்தீன் பையில் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. குழி எடுக்கும் முன் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். வெயிலில் வண்டி மேல் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், புழு செத்துவிட்டால் மண் சுத்தம் என்று தப்பாகத் தெரியும்.