பேரனின் கரப்பான் யார் வழி வந்தது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவள். மகன் சீனப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். பேரனுக்கு 14 மாதம். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து எல்லாம் கரப்பான். ராத்திரி முழுக்கச் சொறிகிறான். எங்கள் பக்கம் யாருக்கும் இது இல்லை. சம்பந்தி வீட்டிலோ, கறுத்த தோலுக்குத்தான் இப்படி வரும் என்கிறார்கள். ரத்தம் கலந்ததால் வந்ததா? மரபணுச் சோதனை எடுத்தால் தெரியுமா?

பதில்: அம்மா, ரத்தம் கலந்ததால் எக்ஸிமா என்கிற இந்தக் கரப்பான் வருவதில்லை. பிள்ளை சொறிந்து அழும்போது இரண்டு வீட்டாரும் "உங்கள் பக்கம்தான்" என்று பேசுவதை நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பேச்சு அதிகம் சுடுவது பெற்றவளைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மகனிடம் சொல்லி மருமகளுக்கும் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் பால்மரம் வெட்டியவர். பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்டால் அந்த இடம் எப்படி முண்டும் முடிச்சுமாக வளரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தோலுக்கும் மேலே அப்படி ஒரு பட்டை உண்டு. அதை உறுதியாக்குவது ஃபிலாக்ரின் என்ற புரதம். மேலடுக்குச் செல்களைத் தட்டையாக்கி நெருக்கமாக அடுக்க அது உதவுகிறது. பிறகு தானே சிதைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களாக மாறுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணு 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் எழுத்துப் பிழை இருந்தால் புரதம் குறையும், தோல் வறளும். சோப்பும் தூசியும் கிருமியும் சுலபமாக உள்ளே இறங்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொதித்தெழும். அந்தக் கொதிப்பைத்தான் கரப்பான் என்கிறோம்.

இந்த மரபணுவில் ஐரோப்பியரிடம் அடிக்கடி காணப்படும் இரண்டு பிழைகளுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இந்த மரபணுவில் ஏதாவது ஒரு பிழை இருக்கிறது. அதே இரண்டு பிழைகளை ஜப்பானியரிடமும் சீனரிடமும் தேடினார்கள். அவை அங்கே கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அதே மரபணுவில் வேறு பிழைகள் இருந்தன. சிங்கப்பூர்ச் சீன நோயாளிகளிடம் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டதாக 2011இல் எழுதினார்கள். லண்டனில் வாழும் வங்காளதேசக் குடும்பங்களில் தேடியபோதும் பல பிழைகள் கிடைத்தன. ஒரே கூரைதான், ஊருக்கு ஊர் வேறு வேறு இடத்தில் ஒழுகுகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இந்தப் பிழைகள் குறைவு. ஆனாலும் அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எக்ஸிமா அதிகம். ஆகவே இது சீனர் நோயும் இல்லை, கறுத்த தோலின் நோயும் இல்லை. இந்த ஒரு மரபணுவோடு முடிகிற கதையும் இல்லை.

"எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை" என்கிறீர்கள். பிழையைச் சுமக்கும் பலருக்கு வாழ்நாள் முழுவதும் எக்ஸிமா வருவதே இல்லை. ஆனால் பிள்ளைக்குக் கொடுத்துவிட முடியும். டென்மார்க்கில் இரட்டையரை வைத்துப் பார்த்தபோது, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு எக்ஸிமா இருந்தால் மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்கு 72 ஜோடியில்தான். அத்தனை மரபணுவும் ஒன்றாக இருந்தும் மீதிப் பேர் தப்பியிருக்கிறார்கள். அப்புறம், வீட்டில் யாருக்காவது இழுப்பு உண்டா, காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் வருமா என்றும் யோசித்துப் பாருங்கள். அவையும் எக்ஸிமாவின் உறவுக்காரர்கள்தான்.

காசில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். வெளிச்சத்தில் பேரனின் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். வழக்கமான ரேகைகளுக்கு நடுவே நுண்ணிய கோடுகள் நெருக்கமாக, ஆழமாக ஓடுகின்றனவா? முழங்காலுக்குக் கீழே முன்புறம் மீன் செதில் மாதிரி உரிகிறதா? இருந்தால் ஃபிலாக்ரின் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். அவனுடைய அப்பா அம்மா கையையும் பார்க்கலாம், ஆனால் யாரையும் குறை சொல்ல அல்ல. ரத்தத்தில் எடுக்கும் மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஐரோப்பியப் பிழைகளை மட்டும் தேடும் சோதனை உங்கள் பேரனிடம் "ஒன்றுமில்லை" என்றே சொல்லக்கூடும். பிழை தெரிந்தாலும் இன்றைய வைத்தியம் மாறப்போவதில்லை.

பேரன் என்ன நிறம் என்று எழுதவில்லை. எனக்கு அது முக்கியம். வெள்ளைத் தோலில் கரப்பான் சிவப்பாகத் தெரியும். நம் நிறத்தில் ஊதாவாக, சாம்பலாக, அடர் பழுப்பாகத் தெரியும். மயிர்க்கால்கள் மட்டும் புள்ளி புள்ளியாகப் புடைப்பதும் உண்டு. பயிற்சிக் காலத்தில் நான் ஒரு தமிழ்ப் பிள்ளையின் முதுகைப் பார்த்து "லேசானது" என்று எழுதிவிட்டேன். அவன் அம்மா ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அந்த முதுகில் வைத்தார். சுட்டது. உப்புத்தாளைத் தடவியது போல இருந்தது. அன்றிலிருந்து நான் தொட்டுப் பார்க்காமல் எழுதுவதில்லை. உங்கள் கிளினிக்கில் "சிவப்பே இல்லையே" என்றால், தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். ஆறிய இடம் வெளுத்தால் வெண்குஷ்டம் என்று பயப்பட வேண்டாம். கரப்பான் அடங்கியே இருந்தால் சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும்.

சரி, செய்ய வேண்டியது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல் போதும். ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத கெட்டிக் களிம்பு பூசுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ வரை தீர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தப்பு நடப்பது இந்த அளவில்தான். கிளினிக்கில் அக்வியஸ் கிரீம் என்ற நீர் கலந்த வெள்ளைக் கிரீம் கொடுத்தால் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவுங்கள், பூசி விட்டுவைக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது எரியும். சுத்தமான தேங்காய் எண்ணெய் லேசான கரப்பானுக்கு நல்லதே.

டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு களிம்புக்குப் பயப்படாதீர்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால், விரல்களையும் சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். பயப்பட வேண்டியது பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பெயரில்லாத டப்பாவில் விற்கும் "மூலிகை" கிரீமுக்கு. இரண்டே நாளில் மாயமாக ஆறினால், உள்ளே சொல்லாமல் கலந்த ஸ்டீராய்டு இருக்கலாம்.

கரப்பான் பண்டம் என்று முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வளரும் பிள்ளை. ஏதாவது சாப்பிட்டுச் சற்று நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மஞ்சள் பொருக்கும் நீர்வடிதலும் வந்தால் அன்றைக்கே கிளினிக். ஆணியால் குத்தி எடுத்தது போன்ற சிறு குழிப் புண்கள் கூட்டமாகக் கிளம்பி, காய்ச்சலும் சேர்ந்தால், அது கரப்பானின் மேல் பரவும் அக்கி வகை வைரஸாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.