மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து நான்கு வருடம் ஆகிறது. கொடுத்தது நான்தான். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிக்காவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.1தான். வேலைக்கும் போகிறார். "உன் கிட்னி எனக்குப் பழகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்கிறார். நிறுத்தலாமா டாக்டர்?

பதில்: கூடாதம்மா. ஒரு வேளைகூட விடக்கூடாது. அந்த 1.1 நிற்பதே மாத்திரையால்தான். அவர் மனசுக்குப் பழகியிருக்கலாம். வெள்ளணுக்களுக்கு அது இன்னும் அந்நியச் சதை. அவை அதைத் தாக்காமல் அடக்கி வைப்பதுதான் இந்த மாத்திரை.

1954இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஜோசப் மர்ரே முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றியது ஒரே கரு இரட்டையருக்கு. ஒருவரின் தோலை மற்றவருக்கு ஒட்டி, உடம்பு ஏற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தியை எடுத்தார்கள். நீங்கள் இருவரும் இரட்டையர் இல்லையே!

மற்றவர்களுக்கு வழியை அகலமாக்கியது, நம்பமாட்டீர்கள், மண்தான். நார்வே மலைமண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற நிராகரிப்புத் தடுப்பு மருந்து வந்தது. 1978இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ராய் கேல்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து அதே வேலை செய்யும் டாக்ரோலிமஸ் வந்தது. உங்கள் கணவர் சாப்பிடுவதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் நேரம் தவறாமல் போடச் சொல்கிறோம். (மருந்தின் அளவு பார்க்க ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் காலை மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்த பிறகு போடச் சொல்லுங்கள். பலர் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள்; அப்போது அளவு கூடிக் காட்டும்.)

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இளைஞர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக்கினார். மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. நிராகரிப்பு பெரும்பாலும் வலிக்காது. கால் வீங்கி வந்தபோது கிரியாட்டினின் 6. அப்புறம் டயாலிசிஸ்தான். அன்று அவரைத் திட்டினேன். மாத்திரையால் கை நடுங்குகிறது, கையெழுத்துக்கூடப் போட முடியவில்லை என்று அவர் முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

அதனால், உங்கள் கணவரிடம் வாதாடாதீர்கள். எது தொந்தரவு என்று கேளுங்கள். கை நடுக்கமா, முடி கொட்டுகிறதா, தூக்கம் வரவில்லையா? சரி, அளவைக் குறைக்கலாம், தினம் ஒரே வேளை போடும் வகைக்கும் மாற்றலாம். ஆனால் அதை அவருடைய மருத்துவர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துச் செய்யட்டும். அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள்.