ஆப்பிரிக்க வேட்டைக்கு எத்தனை ரைபிள்?

சென்ற மாதம் ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்தின் செலவுக் கணக்கை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: எத்தனை துப்பாக்கி கொண்டு போவது? எதைப் புதிதாக வாங்குவது? இந்த முறை முழுக்க அதற்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அண்ணா, அடுத்த ஜூனில் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் ஏழு நாள் வேட்டை. குடு, இம்பாலா, வில்டபீஸ்ட் என்ற மான் வகைகள், கூடவே வரிக்குதிரை. என்னிடம் பத்து வருஷமாக ஒரு .30-06 ரைபிள் இருக்கிறது. கடைக்காரர் ஒரு .300 வின்செஸ்டர் மேக்னமும் ஒரு .375-உம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். மூன்றையும் கொண்டு போகட்டுமா? – டாலஸ் வாசகர்

ஒன்று போதும். பத்து வருஷமாகக் கையில் இருக்கிற அந்த .30-06.

.30-06 என்பது அந்த ரைபிள் சுடுகிற தோட்டாவின் பெயர், 1906-இல் வந்தது. 180 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு போட்டால் குழாய் வாயில் ஏறக்குறைய 3,900 ஜூல் இயக்க ஆற்றல் கிடைக்கும். பக்கத்து நாடான நமீபியா, குடு, ஜெம்ஸ்பாக் போன்ற பெரிய மான்களுக்கு இவ்வளவாவது வேண்டும் என்று சட்டத்தில் வைத்திருப்பது 2,700 ஜூல். நீங்கள் எழுதியிருக்கிற நாலு விலங்கும் அதற்குள் அடக்கம். நல்ல தரமான, உடையாத குண்டாக ஒரே வகையைத் தேர்ந்தெடுத்து, இப்போதிலிருந்து ஜூன் வரை அதையே சுட்டுப் பழகுங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே நின்றுகொண்டு, மூங்கில் முக்காலி போன்ற தாங்குகோலில் ரைபிளை வைத்துத்தான் சுட வேண்டிவரும்.

என் முதல் பயணத்துக்கு நான் இரண்டு கொண்டு போனேன். இரண்டாவது, அந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய .300 மேக்னம். ஒன்பது நாளில் அது பெட்டியை விட்டு வெளியே வந்தது ஒரே ஒரு தடவை, முதல் நாள் குறி சரிபார்க்க. அதற்கும் அதன் ஸ்கோப்புக்கும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) கொடுத்த காசில் இன்னொரு ஜெம்ஸ்பாக்கைச் சுடுவதற்கான கட்டணத்தைக் கட்டியிருக்கலாம். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் போலீஸ் அறையில் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, குழாய் மேல் பொறித்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்துப் படிவத்தோடு ஒப்பிடுவார்கள். இரண்டாவது துப்பாக்கியின் எண்ணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் நான் 8 எழுதியிருந்தேன். அதைத் திருத்தி முடிக்க இரண்டு மணி நேரம். போலோக்வானேக்கு ஏற வேண்டிய விமானம் போய்விட்டது.

“ஒன்று பழுதானால் என்ன செய்வது?” என்றுதான் கடைக்காரர்கள் இரண்டாவதை விற்கிறார்கள். கேம்பில் உங்களோடு வருகிற உரிமம் பெற்ற வேட்டைக்காரரிடம் (அங்கே பி.எச். என்பார்கள்) துப்பாக்கிகள் இருக்கும். உரிமம் உள்ளவர் பக்கத்தில் நின்று மேற்பார்க்க, அவருடைய துப்பாக்கியை இன்னொருவர் சுடலாம் என்று தென்னாப்பிரிக்கச் சட்டமே சொல்கிறது. உங்கள் மாற்றுத் துப்பாக்கி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கிளம்புமுன் ஒரு மின்னஞ்சல் போட்டு, “அவசரத்துக்கு எது கிடைக்கும், எந்த காலிபர் (தோட்டா அளவு)?” என்று கேட்டு பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி வந்து தோட்டா வராமல் போவது நடக்கிற காரியம். .308, .30-06, .375 எச் அண்ட் எச் ஆகியவை அங்கே கடைகளில் கிடைக்கும். நேற்று சந்தைக்கு வந்த புதுப்புது காலிபர்களை அந்த ஊர்க் கடைக்காரர் பார்த்தே இருக்க மாட்டார்.

எத்தனை தோட்டா? – ஆஸ்டின்

ரைபிளுக்கு 40, மிஞ்சினால் 60. தென்னாப்பிரிக்கா ஒரு துப்பாக்கிக்கு 200 வரை அனுமதிக்கும், ஆனால் விமானத்தில் ஓர் ஆளுக்கு 5 கிலோதான். .30-06-இல் 40 தோட்டா ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும்.

எருமை ஒன்று, கூடவே இரண்டு மூன்று மான். ஒரே ரைபிளில் முடியுமா? – கால்கரி வாசகர்

முடியும். .375 எச் அண்ட் எச். 1912-இல் வந்தது, இன்றைக்கும் அதற்கு அங்கே மரியாதை குறையவில்லை. 300 கிரெய்ன் குண்டோடு, நமீபியா எருமைக்குக் கேட்கிற 5,400 ஜூலைத் தாண்டும். தான்சானியாவிலும் ஆபத்தான விலங்குகளுக்கு .375-தான் கீழ் எல்லை. அதே குண்டால் இம்பாலாவையும் சுடலாம், இறைச்சி அதிகம் பாழாகாது. 1-இலிருந்து 6 வரை பெருக்கும் சின்ன ஸ்கோப் ஒன்றை, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய பிடிப்பில் வையுங்கள். ஸ்கோப் உடைந்தால் அதைக் கழற்றிவிட்டு, குழாய் மேலேயே இருக்கிற இரும்புக் குறியோடு வேட்டையை முடித்துக்கொள்ளலாம்.

உங்கள் பட்டியலில் ஸ்ப்ரிங்பாக் மான் இருந்து, தென்னாப்பிரிக்காவின் கரூ மாதிரி மரமில்லாத வெட்டவெளியில் 250 மீட்டரில் சுட வேண்டியிருந்தால் மட்டும் கூட ஒரு .308 அல்லது .30-06 எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கு நான் சம்மதிக்கிற இடம் அது ஒன்றுதான். ஒரே காலிபரில் இரண்டு கொண்டு வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு காலிபருக்கு ஒன்றுதான்.

.375 உதைக்கும். வாங்குமுன் யாரிடமாவது கடன் வாங்கி இருபது தோட்டா சுட்டுப் பாருங்கள். விசையை இழுக்கும்போது கண் மூடுகிறதென்றால் இந்த வருஷம் எருமை வேண்டாம். காயம்பட்ட எருமையைப் புதருக்குள் தேடிப் போகிறவர்கள் உங்கள் பி.எச்.-உம் தடம் பார்ப்பவரும். அவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது இது.

மூன்று வாரத்தில் கிளம்புகிறேன். தென்னாப்பிரிக்கா, பிறகு நமீபியா. புதிதாக ஒரு ஏஆர்-10 வாங்கிவிட்டேன். பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டலும் எடுத்துக்கொள்ள எண்ணம். ஏதாவது படிவம் நிரப்ப வேண்டுமா? – ஃபீனிக்ஸ்

தம்பி, ஏஆர்-10 போலத் தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிக்குத் தென்னாப்பிரிக்கா வேட்டைப் பயணிகளுக்கு அனுமதி தருவதில்லை. நமீபியாவுக்குள் கைத்துப்பாக்கி போகாது. இரண்டையும் வீட்டில் வையுங்கள். விமான டிக்கெட்டுக்கு இரண்டு மாதம் விலை பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பத்து நிமிஷம் ஒதுக்கி விதிகளைப் படித்திருந்தால் இந்த ரைபிளை வாங்கியிருக்க மாட்டீர்கள். இன்றைக்கே பி.எச்.-ஐக் கூப்பிட்டு வாடகைத் துப்பாக்கி சொல்லுங்கள்.

ஐயா, ஒரு கண்காட்சியில் இங்கேயே இருக்கிற ஏஜெண்ட் ஒருவர், “துப்பாக்கி கொண்டு வரவே வேண்டாம், எல்லாம் உட்பட” என்றார். பாதிப் பணம் முன்பணமாகக் கட்டினேன். போன பிறகு துப்பாக்கிக்கு நாள் வாடகை, தோட்டாவுக்குத் தனி விலை. கொடுத்த ரைபிளின் ஸ்கோப் ஆடிக்கொண்டிருந்தது. குடு காயத்தோடு ஓடிவிட்டது, கிடைக்கவில்லை. அதற்கும் முழுக் கட்டணம். திரும்பி வந்து ஒரு மாதமாகிறது, இன்னும் அந்த விலங்கு கண்ணிலேயே நிற்கிறது. தப்பு என்னுடையதா? – ஹூஸ்டன் வாசகர்

இல்லை. இரத்தம் சிந்தினால் கட்டணம் உண்டு என்பது அங்கே எல்லா இடத்திலும் இருக்கிற விதி, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கண்டபடி சுடுவதை அதுதான் தடுக்கிறது. ஆனால் துப்பாக்கி அவர்களுடையது, ஸ்கோப் அவர்களுடையது. வேட்டைக்கு முன் உங்களை ஒரு இலக்குப் பலகை முன்னால் நிறுத்தி மூன்று தோட்டா சுடச் சொல்லியிருந்தால் அந்த ஆட்டம் அங்கேயே தெரிந்திருக்கும். அந்த வேலையைச் செய்யாதவர்கள் அவர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடன் அட்டையில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த பில்லிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள், “எல்லாம் உட்பட” என்று ஏஜெண்ட் அனுப்பிய செய்தியை அதோடு வையுங்கள். ஏஜெண்ட் டெக்சஸில் இருப்பதால் ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் வேட்டை நடத்துகிறவருக்கும் பி.எச்.-க்கும் உரிமம் கொடுப்பது அந்தந்த மாகாணத்தின் வனவிலங்குத் துறை. அங்கேயும் ஒரு புகார் போகட்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்குப் புரியும். நமீபியாவில் ஒரு காலை, மலிவாக வாங்கிய ஸ்கோப்போடு ஒரு ஜெம்ஸ்பாக்கைச் சுட்டேன். குண்டு பட்ட சத்தம் கேட்டது. மணலில் முதலில் கைப்பிடி அளவு கருஞ்சிவப்பு, பிறகு பத்தடிக்கு ஒரு சொட்டு, பிறகு புல் நுனியில் விரலில் ஒட்டுகிற அளவு. தடம் பார்ப்பவர் நாலு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. கல்தரை வந்ததும் தடம் அற்றுப்போயிற்று. மாலையில் பலகையில் சுட்டுப் பார்த்தபோது 100 மீட்டரில் குறி ஒரு சாண் வலது பக்கம் விலகியிருந்தது. ரைபிள் நல்ல ரைபிள். கண்ணாடியில் மிச்சம் பிடித்த காசு அந்த விலங்கை வலியோடு அலைய விட்டது. அதன் பிறகு ரைபிளுக்குக் கொடுக்கிற அளவு ஸ்கோப்புக்கும் கொடுக்கிறேன், முதல் நாள் பலகையில் சுடாமல் வண்டியில் ஏறுவதில்லை.

இந்த “எல்லாம் உட்பட” என்கிற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கொதிக்கிறது. விலைப் பட்டியலில் முதல் பக்கத்தில் விலங்குகளின் படமும் கட்டணமும் இருக்கும். துப்பாக்கி வாடகை, தோட்டா, விமான நிலையத்திலிருந்து வண்டி, வரி, பி.எச்.-க்கும் தடம் பார்ப்பவருக்கும் தருகிற அன்பளிப்பு, கொம்பையும் தோலையும் மருந்தில் முக்கிக் கட்டும் கூலி, கப்பல் செலவு, இங்கே வந்த பின் பாடம் செய்கிறவர் கூலி என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக வந்தால்தான் சொந்தத் துப்பாக்கி லாபமா வாடகை லாபமா என்று யாராலும் கணக்குப் போட முடியும். அந்த வரிகளை மறைக்கிறவர், வாங்குகிறவர் கணக்குப் போடக் கூடாது என்பதற்காகவே மறைக்கிறார். முன்பணம் கட்டுமுன் நாலு கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: என்ன ரைபிள், என்ன ஸ்கோப், நாளுக்கு எவ்வளவு, தோட்டா ஒன்றுக்கு எவ்வளவு. பதில் ஒப்பந்தத்தில் ஏறட்டும். ஏற்ற மாட்டேன் என்கிறவருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

நானும் என் கணவரும் போகிறோம். இருவரும் சுடுவோம். ஆளுக்கொன்று வேண்டுமா, ஒன்றையே மாற்றி மாற்றிச் சுடலாமா? – சியாட்டில் வாசகி

ஒரு வண்டியில், ஒரே பி.எச்.-ஓடு போகிறீர்கள் என்றால் ஒன்று போதும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் சுடப்போகிறீர்கள். அனுமதி ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்பதால் பகிர்ந்துகொள்ளப்போவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிரச்சினை, ரைபிளில் தோளில் பதிக்கிற பின்கட்டையின் நீளத்தில் வரும். கடையில் வருகிற ரைபிள்களில் விசையிலிருந்து பின்முனை வரை பொதுவாக 13½ அங்குலத்துக்கு மேல். நீங்கள் ஐந்தடி இரண்டங்குலம் என்கிறீர்கள். கழுத்தை நீட்டிச் சுட்டால் ஸ்கோப் விளிம்பு புருவத்தில் வெட்டும். உங்கள் அளவுக்குக் கட்டையை வெட்டி, கணவர் சுடும்போது பின்னால் ஒரு ரப்பர் துண்டு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உயரமானவர் சின்னக் கட்டையில் சமாளித்துவிடுவார், மறுபக்கம் நடக்காது.

உறவினர் நமீபியாவில் இருக்கிறார், வேட்டைக்குக் கூப்பிடுகிறார். இங்கிருந்து என்ன துப்பாக்கி வாங்கிக்கொண்டு போகலாம்? – கோயம்புத்தூர்

ஒன்றும் வேண்டாம். அங்கே வாடகைக்கு எடுங்கள்.

பெட்டி எது வாங்க? மலிவில் ஒன்று பார்த்தேன். ஐரோப்பா வழியாகப் போகிறேன். – நியூ ஜெர்சி

அலுமினியம், அல்லது தடித்த பிளாஸ்டிக். பூட்டு மாட்டும் துளையைச் சுற்றி உலோக வளையம் இருக்க வேண்டும். என்னுடைய முதல் பெட்டி மலிவானது. திரும்பி வரும்போது ஒரு கொக்கி பிய்ந்து, மூலை திறந்து, உள்ளே நுரைமெத்தை தெரிகிற நிலையில் விமான நிலையத்தின் சாமான் பட்டையில் வந்தது. விலை பார்க்க வேண்டிய இடம் இது இல்லை.

ரைபிளின் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற பகுதி) கழற்றி உள்ளே வையுங்கள், தோட்டா தனிப் பெட்டியில். ஐரோப்பா வழியென்றால் இறங்கி ஏறுகிற நாட்டின் அனுமதியையும் விமான நிறுவனத்தின் சம்மதத்தையும் டிக்கெட் எடுக்குமுன் கேளுங்கள். கிளம்புமுன் அமெரிக்கச் சுங்க அலுவலகத்துக்கு ரைபிளோடு போய் 4457 படிவத்தில் (ரைபிள் இங்கிருந்தே கொண்டு போனது என்பதற்கான சான்று) முத்திரை வாங்குங்கள். தென்னாப்பிரிக்கப் போலீஸுக்கான எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, கையெழுத்து இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். அதை அங்கே அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். எண்ணை எழுதியபின் இன்னொருவரிடம் கொடுத்து, குழாயைப் பார்த்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.