மருத்துவர் பதில்: அதிகாலை மூன்று மணிக்கு அவருக்கு வியர்ப்பது ஏன்?

சகோதரிக்கு,

கடந்த ஆறு வாரங்களில் நான்கு முறை, அதிகாலை மூன்று மணியளவில், பனியனும் தலையணை உறையும் நனையும்படி வியர்த்து உங்கள் கணவர் எழுந்திருக்கிறார். என்ன செய்கிறது என்று கேட்டால் தொடர்பில்லாமல் ஏதோ பேசியிருக்கிறார். மகளுக்காக வைத்திருந்த ஹார்லிக்ஸைக் கரைத்துக் கொடுத்ததும் அரை மணி நேரத்தில் தெளிந்திருக்கிறார். காலையில் தலை வலிக்கிறது என்றாரே தவிர, இரவில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. உங்கள் மாமனார் 56 வயதில் தூக்கத்திலேயே இறந்தவர் என்பதால், 51 வயதில் இவர் தொடங்கிய உடற்பயிற்சி இதயத்தைக் கெடுத்துவிட்டதோ என்று அஞ்சுகிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது பெரும்பாலும் இதயத்தின் வேலையாக இராது. இரவில் அவருடைய இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிப்போகிறது. ‘லோ சுகர்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதுவும் ஆபத்தானதுதான், ஆனால் இன்றிரவே தடுக்கக் கூடியது.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சர்க்கரை நோய்க்காகக் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரையை அவர் காலையிலும் இரவிலும் உணவுக்கு முன் போடுகிறார். முன்பெல்லாம் இரவு நான்கு தோசை சாப்பிட்டவர், அரிசியே விஷம் என்று சொல்லும் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, இப்போது வெள்ளரிக்காயும் ஒரு டம்ளர் மோரும் போதும் என்கிறார். அதற்கு முன் மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் வேக நடையும், உட்கார்ந்து எழும் பயிற்சியும் செய்கிறார். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. வயிற்றுக்குள் தோசை போனதா, வெள்ளரிக்காய் போனதா என்று பார்த்து அது வேலை செய்வதில்லை. உழைத்த தசைகளோ, செலவான சர்க்கரையைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதற்காக அடுத்த 24 மணி நேரம் வரைகூட இரத்தத்திலிருந்து அதை இழுத்துக்கொண்டே இருக்கும். மாத்திரை, பயிற்சி, பட்டினி ஆகிய மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இப்படி நேர்வது அரிது.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் என்பதால், 1 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்த இவரும் மருந்துக் கடையில் அதையே கேட்டு வாங்கிவிட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். உணவைப் பாதியாகக் குறைத்து, உழைப்பைக் கூட்டிய மனிதருக்கு மாத்திரையைக் குறைக்க வேண்டியிருந்திருக்கலாம். அவர் அதை இரண்டு மடங்காக்கியிருக்கிறார்.

இரத்த அழுத்தத்துக்காக அவர் சாப்பிடும் அட்டெனலாலையும் இங்கே கவனிக்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் அது மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே அவரைப் பொறுத்தவரை வியர்வைதான் எச்சரிக்கை. மின்விசிறிக் காற்றில் படுத்திருப்பவருடைய கழுத்தும் பிடரியும் குளிர்ந்து நனைந்திருந்தால், புழுக்கம் என்று எண்ணித் திரும்பிப் படுத்துவிடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், விடியற்காலையில் ஒரு பேருந்து நடத்துநரைப் பக்கவாதம் என்று சொல்லி எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். வாய் குழறியது, ஒரு கை தொய்ந்து கிடந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை வெறும் 31தான் இருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் (25 சதவீதம்) நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து, பணிக்கு நேரமாகிவிட்டதா என்று மனைவியைக் கேட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தவரை நாங்கள் விடவில்லை. அன்று மாலைக்குள் இன்னொரு முறை சர்க்கரை இறங்கியது. மாத்திரையின் வேகம் தீரும்வரை இப்படித் திரும்பத் திரும்ப இறங்கும் என்பதால், இப்படி வருபவர்களை ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கிறோம். அவரும் முந்தைய இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு உணவைத் தவிர்த்தவர்தான்.

ஆகவே இன்றிரவு அவர் முன்போல் முழுமையாகச் சாப்பிடட்டும். என்ன காரணத்தாலோ சாப்பிட முடியாமல் போனால், அந்த வேளைக்குக் கிளிமிபிரைடு சேர்ந்த அந்த மாத்திரை கூடாது. படுக்கும்முன் குளுக்கோமீட்டரில் ஒரு முறையும், அலாரம் வைத்து எழுந்து மூன்று மணிக்கு ஒரு முறையும் பாருங்கள். படுக்கும்போது 100க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துப் படுக்கவையுங்கள். எந்த நேரத்திலும் 70க்குக் கீழே போனால் அது லோ சுகர். 54க்குக் கீழே என்றால் நிலைமை கடுமையானது. எதுவானாலும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். ஏறிய பிறகு இட்லியோ பிஸ்கட்டோ கட்டாயம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்ப இறங்கும். வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவையே எடுத்துவிட்டு, செயற்கை இனிப்பு மாத்திரைக்கு மாறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையில் பத்தைக் கரைத்துக் கொடுத்தாலும் இரத்தச் சர்க்கரை ஏறாது. இன்றே கொஞ்சம் சர்க்கரை வாங்கி, படுக்கைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அவர் நினைவிழந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். வியர்வையோடு நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ இடது கையில் வலியோ சேர்ந்து வந்தாலும், சர்க்கரை பார்த்து நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். உட்கார்ந்து எழும்போது முழங்காலில் கேட்கும் சொடக்குச் சத்தம், வலியோ வீக்கமோ இல்லாதவரை ஒன்றுமில்லை. பயிற்சி செய்த மறுநாள் தொடை வலிப்பது இயல்பு. ஆறு வாரத்தில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது என்று கவலைப்பட வேண்டாம், நல்ல வேகம்தான். தினம் ஒரு முட்டை சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இரவு வியர்வைக்குக் காரணம் என்று கணினியில் தேடிப் பிடித்த புற்றுநோய்ப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள்.

பயிற்சியை நிறுத்திவிடச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. இத்தனை ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்த ஒருவர் தானாகவே மாடி ஏறி நடக்கத் தொடங்கியிருப்பது பெரிய காரியம். மருந்து சரிசெய்யப்படும்வரை இரண்டு மூன்று நாள் இளைப்பாறிவிட்டு அவர் தொடர வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை இரவில் வெறும் வயிற்றில் செய்யாமல், உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடையாகப் பிரித்துக்கொண்டால், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும் அடங்கும், நள்ளிரவுச் சரிவும் குறையும். சோற்றையும் ஒழிக்க வேண்டாம். தட்டில் பாதி பொரியலும் கூட்டும், கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு. தினமும் ஒரே கரண்டியால் அளந்து, ஒரே நேரத்தில் பரிமாறுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு உணவின் நேரமும் அளவும் நாளுக்கு நாள் மாறுவதுதான் இடைஞ்சல்.

நாளைக் காலையே அவருடைய மருத்துவரிடம் போங்கள். இரவில் எடுத்த அளவுகளை நேரத்தோடு எழுதிய தாளையும், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். தானாக 2 மில்லிகிராம் வாங்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிரியேட்டினின் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து உடலில் அதிக நேரம் தங்கிவிடும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால்தான் வேண்டுமா, மாற்று இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மாமனாருடைய வரலாற்றைச் சொல்லி ஒரு ஈசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயத்தோடு நீங்களும் இன்னொரு இரவு விழித்திருக்க வேண்டாம்.